காற்றைப் பார்த்து எடுத்த முடிவு

இலங்கைக் கடற்கரை ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் காற்றை வைத்துத்தான் வருடத்தை எண்ணுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மலையில் கொட்டிவிட்டு, வறண்டு போய்க் கிழக்கே இறங்கும். அப்போது மேற்குக் கரையில் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் அறைகள் காலியாகும். கிழக்குக் கரையில் உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை நிறையும். வருடக் கடைசியில் வடகிழக்கிலிருந்து மழையோடு வாடைக்காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். சமையற்காரர்கள், பரிமாறுகிறவர்கள், அறை சுத்தம் செய்கிறவர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடுவார்கள். மேற்குக் கரை மீனவர்கள் பருவம் பார்த்துக் கிழக்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுவது இதைவிடப் பழைய வழக்கம்.

நான் அப்படி அலைய விரும்பவில்லை; கிழக்குக் கரைத் திருகோணமலையிலேயே நிலைக்க முடிவு செய்தேன். மலைநாட்டில் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் வேலை பழகியவள் நான். 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் அது. குளிர்காலம் வந்தால் எனக்கு இழுப்பும் வந்துவிடும். இரவுக் கணக்கு முடிக்கும்போது இருமிக்கொண்டேதான் முடிப்பேன். அங்கே பதவி உயர்வுக்கும் வழியில்லை. மேலே இருந்தவர்கள் ஓய்வு பெற இன்னும் பல வருடங்கள் இருந்தன. கல்யாணம் ஆகவில்லை, தம்பி உழைக்கத் தொடங்கிவிட்டான், அம்மாவின் உடம்பும் நன்றாக இருந்தது. தனியாக ஓர் ஊருக்குப் போய் நிலைக்கலாம் என்று நினைக்க எனக்குக் கிடைத்த காலம் அதுதான்.

கொழும்பில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளவத்தையில் ஓர் அறைக்குக் கொடுக்கிற வாடகையையும் பஸ்ஸில் போகிற நேரத்தையும் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். நீர்கொழும்பு, விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அங்கே ஹோட்டல்கள் வருடம் முழுக்க ஓரளவு ஓடும். கடைசிவரை அதுதான் திருகோணமலைக்குப் போட்டியாக நின்றது. யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த தோழி இருந்தாள், அவள் வீட்டிலேயே தங்கலாம் என்றாள். ஆனால் என் வேலைக்கு ஏற்ற பெரிய ஹோட்டல்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

திருகோணமலையைப் பற்றி விசாரித்தபோது எல்லோரும் ஏப்ரலில் போய்ப் பார் என்றார்கள். நான் டிசம்பரில் போனேன். படங்களில் கண்ணாடி போலக் கிடக்கும் உப்புவெளிக் கடல் பழுப்பு நிறத்தில் புரண்டு கொண்டிருந்தது. புறாமலைத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். ஆனாலும் படகுகள் மணலில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. வருட மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிற ஊர் இது. ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றது, மின்சாரம் போய்ப் போய் வந்தது, கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் பாதி பூட்டியிருந்தன. நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்ட ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் நகரத்துக்குள் வாழ்க்கை நடந்து கொண்டுதான் இருந்தது. மாகாண சபைக் காரியாலயங்கள் திறந்திருந்தன. மீன் சந்தையில் சத்தம் குறையவில்லை. மாலையில் மழை விட்டதும் குடும்பம் குடும்பமாக டச்பே கடற்கரைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோட்டைக்குள் மான்கள் நனைந்த ரோமத்தோடு பாதையை மறித்து நின்றன. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் அவற்றை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். சுற்றுலாக்காரர் இல்லாவிட்டாலும் இந்த ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மலையில் சீசன் முடிந்தால் ஊரே உறங்கிப்போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்.

சம்பளத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளையவர்கள் பலர் இதைக் கேட்காமல் கையெழுத்து வைக்கிறார்கள். நம் நாட்டு ஹோட்டல்களில் விருந்தினர் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். அது ஊழியர்களுக்குப் பகிரப்படும். ஹோட்டல் நிறைந்திருக்கும் மாதத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமாக வருவதும் உண்டு. வாடைக் காலத்தில் அது கரைந்துவிடும். ஆகையால் சீசன் மாதத்துத் தொகையை மட்டும் காட்டி யாராவது பேசினால், டிசம்பரில் எவ்வளவு வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டேன். நேர்முகம் செய்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, முந்தைய வருடத்துப் பேரேட்டையே எடுத்துக் காட்டினார். அந்தத் தொகையில் வாடகையும் சாப்பாடும் அம்மாவுக்கு அனுப்புகிற காசும் அடங்குமா என்று கணக்குப் பார்த்தேன். இறுக்கமாக அடங்கியது. அடிப்படைச் சம்பளம் நுவரெலியாவில் வாங்கியதைவிடக் கூட. பதவியும் ஒரு படி மேல்.

இன்னொன்றையும் யோசித்தேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் கிழக்கின் சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் நடந்தன. அடுத்த வருடம் கொரோனா, 2022இல் எரிபொருள் இல்லாத வரிசைகள். ஹோட்டலை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவள். திருகோணமலையில் துறைமுகம் இருக்கிறது, சீனன்குடாவில் பிறிமா மாவு ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. கணக்கு தெரிந்த ஒருத்திக்குத் தட்டுவதற்கு வேறு கதவுகள் இருக்கிற ஊர். நீர்கொழும்பிலும் கதவுகள் உண்டு. ஆனால் அங்கே போட்டியும் வாடகையும் கூட.

அறை தேடியதுதான் கடினமான பகுதி. தனியாக வருகிற பெண் என்றதும் பல வீடுகளில் முகம் மாறியது. உவர்மலையில் ஒரு வீட்டில் தரகரோடு போய் நின்றபோது வீட்டுக்கார அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை, தனியாவோ இருக்கப் போறீங்க? ராவையில வேலை முடிஞ்சு எப்படி வருவீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, எனக்கே அதற்குப் பதில் வேண்டியிருந்தது. ஹோட்டல் வான் இரவு டியூட்டி முடிகிறவர்களை வீட்டு வாசலில் இறக்கும் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன். அதைக் காட்டினேன். பிறகு நான் கேட்டேன், 2004 சுனாமித் தண்ணீர் எதுவரை வந்தது என்று. அன்ரியின் முகம் இளகியது. வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டி, அந்த நாளைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். தன் தாய் சொன்ன 1964 சூறாவளிக் கதைவரை போனார். அன்றே அறை கிடைத்தது.

வெயிலுக்கு உடம்பு பழகச் சில மாதங்கள் எடுத்தன. ஜூன், ஜூலையில் கச்சான், அதாவது அந்த வறண்ட தென்மேல் காற்று, வீசும்போது 35 பாகை சாதாரணம். நண்பகலில் வெளியே போனால் முகத்தில் அனல் அடிக்கும், இரவிலும் சுவர் சுடும். மலையில் பிறந்தவர்கள் இங்கே வருவதென்றால் மேல்மாடி அறையை எடுக்காதீர்கள். தகரக் கூரை என்றால் யோசிக்கவே வேண்டாம். நான் விடியற்காலையில் சமைத்து, வேலைக்குப் போகும் முன்பே வெளி வேலைகளை முடித்துவிடுகிறேன். ஆனால் அதே கச்சான்தான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையை அடக்கி வைக்கிறது. அதனால்தான் விருந்தினர் வருகிறார்கள், கரைவலை இழுக்க முடிகிறது, எனக்குச் சேவைக் கட்டணப் பங்கும் வருகிறது. அதைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. இழுப்பு இங்கே வந்ததிலிருந்து என்னை விட்டிருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன்; எனக்கு ஆனது.

வேலையில் நான் எதிர்பாராத பலம் ஒன்று இருந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழ்கிற மாவட்டம் இது. எங்கள் ஹோட்டலிலும் அப்படியே. மலையில் வளர்ந்ததால் சிங்களம் எனக்குச் சரளம். மீன் கொண்டுவருகிற கிண்ணியாக்காரரோடும், கந்தளாயிலிருந்து மரக்கறி அனுப்புகிற முதலாளியோடும், கொழும்புத் தலைமை அலுவலகத்தோடும் அவரவர் மொழியில் பில் பேச முடிந்தது. முன்பு இழுபட்டுக்கொண்டிருந்த மாதக்கடைசிக் கணக்கு இப்போது குறித்த நாளில் முடிகிறது. அதனால்தான் என் வேலை நிரந்தரமானது என்று நம்புகிறேன்.

தனிமை உண்டு. ஊருக்குப் போவதென்றால் ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்கு பஸ், அங்கிருந்து ஹட்டன். ஒரு பகல் முழுதும் போய்விடும். தீபாவளி வாடைக் காலத்தில் வருவதால் லீவு கிடைக்கிறது, தைப்பொங்கலுக்கும் அப்படித்தான். ஆனால் சித்திரை வருடப் பிறப்பு சீசனின் வாசலில் நிற்கிறது. அன்று நான் ஹோட்டலில் விருந்தினருக்குப் பலகாரம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு பில் போடுவேன். அம்மா தொலைபேசியில் அழமாட்டார்; "சாப்பிட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அது எனக்கு உண்மையாகவே வலிக்கும். அன்ரி அன்றைக்கு ஒரு தட்டை மூடி என் அறை வாசலில் வைத்திருப்பார்.

இப்போது சின்னம்மா மகள் தானும் இங்கே வரப் போவதாகச் சொல்கிறாள். ஹோட்டல் படிப்பு முடித்தவள், கெட்டிக்காரி. ஆகஸ்டில் இரண்டு நாள் வந்து கடலில் குளித்துவிட்டு முடிவு செய்துவிட்டாள். நவம்பர் கடைசியில் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன். என் அறையில் தங்கட்டும். நான் வேலைக்குப் போனபின் குடையோடு தனியாகப் பஸ் ஏறி நிலாவெளிவரை போய்ப் பூட்டிய ஹோட்டல்களைப் பார்க்கட்டும், திறந்திருக்கிற ஒன்றில் யாராவது இருந்தால் இந்த மாதச் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கட்டும். அதற்குப் பிறகும் வருகிறேன் என்றால் அன்ரியிடம் பக்கத்து அறையைப் பற்றி நானே பேசுகிறேன்.