எலும்பு அறுவையிலிருந்து கை அறுவைக்கு: அந்த ஓராண்டு

கை அறுவைக்கு எலும்பியல் வழியாகவும் வரலாம், பிளாஸ்டிக் சர்ஜரி வழியாகவும் வரலாம். எலும்பியலிலிருந்து வருபவர் மேற்பயிற்சியை முடித்த பிறகு, பெரும்பாலும் ஓராண்டு கைக்கென்றே ஃபெல்லோஷிப் எனும் சிறப்புப் பயிற்சி செய்கிறார். தொடை எலும்பில் தகடு பொருத்திப் பழகிய கை, பலம் காட்டும் பழக்கத்தை அந்த ஓராண்டில் விட்டாக வேண்டும்.

முதலில் விரல் எலும்பு முறிவு. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும். மாவுக்கட்டைப் பிரித்து விரலை மடக்கச் சொன்னால் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொள்ளும். எலும்பு தன் அச்சில் சற்றே திருகியிருந்தால் படத்தில் பிடிபடாது. அதனால் எலும்பைப் பிடித்து நிறுத்தக் கம்பி போட்டதும் அறுவை மேசையிலேயே மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். விரல்கள் தாமாக மடங்கும்போது நுனிகள் எல்லாம் கட்டைவிரலின் அடிப்பக்கத்தை நோக்க வேண்டும். கம்பியைத் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். எலும்பு சூடேறும், பிடிப்பும் தளரும்.

கட்டு போடும்போது விரலடி மூட்டு 70 முதல் 90 பாகை வரை மடங்கியிருக்கட்டும், நுனிப்பக்க மூட்டுகள் நேராக இருக்கட்டும். அடிமூட்டை நேராக வைத்துவிட்டால் பக்கத் தசைநார்கள் சுருங்கிவிடும். பிறகு விரல் மடங்காது.

அடுத்தது மைக்ரோஸ்கோப்பின் கீழ் ரத்தக்குழாயைத் தைப்பது. கோழித்தொடையின் ரத்தக்குழாயில் பழகலாம். இதற்கான 10-0 அளவு நைலான் இழை தலைமுடியைவிட மெல்லியது. 1 மி.மீ. தமனிக்குச் சுமார் எட்டுத் தையல். இடுக்கியால் வெளியுறையை மட்டும் பிடிக்க வேண்டும். உள்சுவரை நசுக்கினால் அங்கேயே ரத்தம் உறையும். ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் கோத்துவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கடைசித் தையல்களை முடிச்சிடாமல் விட்டு, உள்ளே பார்த்த பிறகு ஒவ்வொன்றாகக் கட்டினால் இது குறையும். நடுக்கம் வந்தால் முன்கைக்கு முழுத் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். வாரத்தில் ஒருநாள் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட, தினம் அரைமணி நேரம் பலன் தரும்.

மிகவும் பொறுமை கேட்பது மடக்குத் தசைநாண், அதாவது தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோய் விரலை மடக்கும் நாண். உள்ளங்கை மடிப்பிலிருந்து விரலின் நடு எலும்பு வரையான பகுதியில் இரண்டு நாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. கை அறுவையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றார். அங்கே உடனே தைக்க வேண்டாம் என்பதுதான் அக்கால அறிவுரை. இன்று தைக்கிறோம்: நடுவே குறைந்தது நான்கு இழைகள் கடக்கும் தையல், விளிம்பைச் சுற்றி மெல்லிய 6-0 இழையில் ஒரு தையல். தையல் புடைத்தால் உறைக்குள் சிக்கும், தளர்ந்தால் இடைவெளி விழும். அட்ரினலின் கலந்த மரப்பு மருந்து போட்டு நோயாளியை விழிப்பிலேயே வைத்திருந்தால், மூடுவதற்கு முன் விரலை மடக்கச் சொல்லி இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

இதன் பிறகு வேலை கை தெரபிஸ்ட்டிடம் போகிறது. அறுவைக் குறிப்பில் எத்தனை இழைகள், எந்தக் கப்பி (நாணை எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் உறைப்பட்டை) வெட்டப்பட்டது, மேசையில் விரல் எவ்வளவு மடங்கியது என்று எழுதுங்கள். நாலைந்து நாளில் விரலை எவ்வளவு அசைக்க விடலாம் என்பதை அவர் அந்த வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.