தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 13, 2025

உரக்கடையில் வாங்கிய பாட்டில் பைக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

வந்ததும் வராததுமாகக் கரைக்குப் போனேன். வடகடல், அதாவது பாக் விரிகுடா, அசையாமல் கிடக்கிறது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் கடற்பாசி வளர்க்கும் மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டாள். கோவையிலிருந்து கொண்டுவந்த களைப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

ஏப்ரல் 15

இன்றிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வருஷா வருஷம் வருவதுதான். ஆனாலும் முதல் நாள் அப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நிவாரணம் 8,000 ரூபாய். 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000-லிருந்து உயர்த்தினார்கள். அப்பா அன்றைக்குக் கூட்டத்தில் நின்று கேட்டவர். அந்தப் பணம் கைக்கு வரும்வரை வீடு ஓடுவது பாசியில்தான்.

வேலைக்கான மெயில் வரவில்லை.

ஏப்ரல் 18

காலை ஐந்தரைக்கு அம்மாவோடு கயிறு கட்ட உட்கார்ந்தேன். நீளக் கயிற்றில் சாண் சாணாக நைலான் சுருக்கு முடிந்திருக்கும். ஒவ்வொரு சுருக்கிலும் ஒரு கைப்பிடிப் பாசி. இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கி அழுகும், தளர விட்டால் அலை உருவிக்கொண்டு போகும். அம்மா முகத்தைத் தூக்காமல் கட்டிக்கொண்டே போகிறாள், முடிச்சு தானாக விழுகிறது. நான் ஒன்றை முடிப்பதற்குள் அவளிடம் நாலு முடிந்துவிடுகிறது.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம். அதற்கு இருபது கயிறு, அறுபது கிலோ விதைப்பாசி. அடியில் வலை, இல்லாவிட்டால் ஒரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் 250 கிலோவுக்குக் குறையாமல் வர வேண்டும். அதில் அறுபதை மறுபடி விதைக்கு எடுத்து வைத்தால் மிச்சம் 190, 200. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆக ஒரு மிதவைக்கு இருபது கிலோ தேறினால் பெரிசு.

இந்தக் கணக்கை வகுப்பில் பிரசன்டேஷனில் போட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இங்கே ஈர மணலில் உட்கார்ந்து அதே கணக்கைப் போடும்போது "பத்தில் ஒரு பங்கு" என்ற இடத்தில் நெஞ்சை அடைக்கிறது.

ஏப்ரல் 22

முனைக்காட்டில் பாசி வளர்க்கும் ஒரு அக்காவிடம் நேர்காணல். என் படிப்பு ப்ராஜெக்டுக்குக் காரெட் ரேங்கிங் போட வேண்டும், பாசி வளர்ப்பவர்களின் பிரச்சினைகளைத் தரவரிசைப்படுத்துகிற முறை. எட்டுப் பிரச்சினைகளைச் சொல்லி, எது முதல், எது இரண்டாவது என்று ஒவ்வொருவரிடமும் வரிசை வாங்கி, அதைச் சதவீதமாக்கி, காரெட் அட்டவணையில் மதிப்பெண் பார்த்துக் கூட்டிச் சராசரி எடுப்போம். எங்கள் துறையில் இது இல்லாத ஆய்வறிக்கை அபூர்வம்.

விலை குறைவு. விதைப்பாசி கிடைக்காதது. காற்று, அலை. மீன் மேய்ச்சல். நோய். காயப்போட இடமில்லை. கடன். போக்குவரத்து. நான் படிக்கப் படிக்க அந்த அக்கா பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "நீ சொன்னது எல்லாம் இருக்குத்தா. ஆனா ஏஜெண்டு என்னைக்கு வருவாருன்னு தெரியாது பாரு, அதை ஏன் எழுதல?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காய்ந்த பாசியை வாங்கிப்போகிற ஏஜெண்டின் வண்டி, வருகிறேன் என்ற நாளில் வராது. காய்ந்த பாசி வீட்டுக்குள் படுக்கிற இடத்தில் கிடக்கும். ராத்திரிக் காற்றில் ஈரம் இழுத்துக்கொள்ளும். நாலாம் நாள் வந்து கையால் பிசைந்து பார்த்து, ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பார். கழிக்கிற ஈரம் அவர் தாமதத்தால் ஏறிய ஈரம்!

ஒன்பதாவதாக எழுதிக்கொண்டேன். முன்பே முடித்த வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். போகிறேன்.

ஏப்ரல் 23

ஒன்பதாவதுதான் முதலாவதாக வருகிறது.

ஏப்ரல் 27

பாட்டிலைக் காட்டினேன். கோவையில் உரக்கடையில் வாங்கியது, அரை லிட்டர் கடற்பாசிச் சாறு. லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி கலந்து இலையில் தெளிக்கச் சொல்லி லேபிளில் போட்டிருக்கிறது. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "நம்ம பாசிதான்" என்றாள். விலையைக் கேட்டாள். சொன்னேன். மூடியை இறுக்கி மூடி, துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பச்சைப் பாசியை அறுத்த அன்றைக்கே அரைத்துச் சாறு பிழிவதும், சக்கையைக் காரஜீனன் எடுக்க அனுப்புவதும் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கண்ட முறை. அவர்களுடைய நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்பதற்கும் பற்பசை பிரியாமல் இருப்பதற்கும் அந்தக் காரஜீனன்தான். 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர்த்தூண்டிகளை, அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களை, கொண்டுவந்த பிறகு பாசிச்சாறுக்கும் சட்டப்படி ஒரு இடம் வந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பிடித்த பாடம். நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உற்பத்தி செய்தவருக்கு எத்தனை பைசா என்பதுதான் என் ஆய்வே.

அந்தப் பைசாவை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. இராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். மதியம் அம்மா தண்ணீருக்குள் கையை விட்டு அப்படியே நின்றாள். சூடு. 2013-ல் இப்படித்தான் கடல் கொதித்து, இந்தக் கரை முழுக்கப் பாசி வெளுத்து உதிர்ந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். அந்த வருஷம் அம்மா மறுபடி தீவுப்பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போனாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி எடுக்கிற வேலை. திரும்பி வரும்போது சுற்றின துணியெல்லாம் கிழிந்திருக்கும், உள்ளே விரலும்.

தண்டுகளில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு கயிறாகத் தூக்கிப் பார்த்தோம். ஐஸ்-ஐஸ் என்பார்கள் அந்த நோயை. இல்லை. இன்றைக்கு இல்லை.

மே 5

மெயில் வரவில்லை.

மே 9

ஆர்.எஸ்.மங்கலம், செல்வி வீடு. அவள் ப்ராஜெக்ட் குண்டு மிளகாய், முண்டு என்பதும் அதுதான். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஹாஸ்டலில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தவள்.

அவள் அப்பா ஒரு அறை முழுக்க வத்தல் மூட்டை அடுக்கியிருக்கிறார். உள்ளே போனால் தும்மல் நிற்கவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்துக் கை நிறைய அள்ளிக் காட்டினார். கோலிக்குண்டு மாதிரி உருண்டை, காம்பு நிற்கிறது, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்கிறது. மழையை நம்பின கரிசலில் இப்படி விளைகிறது. தரையில் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஏறும். ஐரோப்பாவுக்குப் போக மொத்தம் கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதனால் தார்பாய் விரித்துத்தான் காயப்போடுகிறார்.

"வெலை ஏறட்டும்னு வச்சிருக்கேன்" என்றார். அடுத்த மூச்சில், "பாதி ஏற்கெனவே மண்டிக்குப் போயிருச்சு. விதைக்கையில வாங்குன முன்பணம்" என்றார். முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்குத்தான் போட வேண்டும், அவர்கள் சொல்கிற அன்றைக்குத்தான் போட வேண்டும். கிடங்கில் வைத்து, ரசீதைக் காட்டிக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம் என்பதற்குத்தான் 2007-ல் கிடங்குச் சட்டமே வந்தது. அவருக்கு ரசீது தேவைப்பட்டது மிளகாய் விளைந்த பிறகு இல்லை, விதைக்கிற ஐப்பசியில்.

திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்பு. தரம், அளவு, தேவை என்று விலைக்குக் காரணம் எத்தனையோ படித்தோம். கடலிலும் கரிசலிலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: யாரால் பத்து நாள் பொறுக்க முடியுமோ அவர் விலை சொல்கிறார். அடுப்பு எரிய வேண்டியவர் கேட்டுக்கொள்கிறார். இதை எப்படி அட்டவணையில் கொண்டுவருவேன்? சந்தைத் திறனை அளக்கும் ஆச்சார்யா சூத்திரத்தில் செலவுக்கும் லாபத்துக்கும் இடம் இருக்கிறது. பொறுக்க முடிவதற்கு இல்லை.

அவர்கள் வீட்டு ஜன்னலில் அதே பாட்டில் இருந்தது. மிளகாய்க்குத் தெளித்தாராம். பூ உதிராமல் நின்றதாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நெசமாவா? மிளகாயில பூ நின்னுச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மே 14

அறுவடை. உடம்பெல்லாம் உப்பு. எழுத முடியவில்லை.

மே 18

தெற்கே கருக்கல்.

மே 19

மழை. நேரம் பார்க்கவில்லை. கரை முழுக்கப் பெண்கள் தார்பாயை இழுத்துக்கொண்டு ஓடினோம். எங்களுடையது முக்கால்வாசி தப்பியது. கரையின் அந்தக் கோடியில் ஓரமாகப் போட்டிருந்த அத்தையுடையது முழுக்க நனைந்துவிட்டது. நல்ல தண்ணீர் பட்டால் பாசி வெளுத்துவிடும், சத்து இறங்கிவிடும், அதற்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். ஒன்றரை மாதம் கடலிலேயே கிடந்த பொருளுக்கு மழைத்தண்ணீர் ஆகாது.

அத்தை ஒன்றும் பேசவில்லை. நனைந்ததைக் கையால் பிரித்துப் பிரித்து மறுபடி விரித்தார்.

ஏஜெண்ட் வருவதாகச் சொன்னது 17-ஆம் தேதி.

மே 21

வரவில்லை. மெயிலும் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்கிறேன்.

மே 24

கேரளாவில் மழை தொடங்கிவிட்டது, இந்த வருஷம் சீக்கிரம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இனி ஓங்கும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், நம் பக்கம் அமைதியாக இருக்கும். பாசிக்கு நல்லதுதான்.

வண்டி வந்தது. மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி பிசைந்து, "நாப்பது இருக்கும்" என்றார். ஈரம் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வியாபாரக் கணக்கு. ரப்பர் மாதிரி வளையும், மேலே உப்பு வெள்ளையாகப் பூத்து உதிரும், அதுதான் பதம். எங்கள் மூட்டையில் அந்தப் பதம் இருந்தது, நானே பார்த்தேன். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். "படிச்ச புள்ள" என்று சிரித்துக்கொண்டே மூட்டைக்கு ஒரு கிலோ கழித்து, விலையிலும் இரண்டு ரூபாய் குறைத்து எழுதினார். போன தடவை பாக்கியைப் பற்றி அம்மா கேட்டாள். அடுத்த வண்டியில் என்றார்.

தம்பிக்கு ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும். அம்மா மூட்டையை ஏற்றச் சொல்லிவிட்டாள். கோபம் வந்தது எனக்கு. அம்மா மேல் இல்லை.

எடை போடும் முன்பே ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து ஜிப் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தேன். தெரிந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறேன். 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்கிற வேலைதான்.

மே 30

33.

ஜூன் 1

33-ஐ எல்லோரிடமும் சொன்னேன். அத்தை அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இதை அவருகிட்ட காட்டலாமா?" என்றார். தாராளமாகக் காட்டலாம்.

ஜூன் 3

மெயில் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. குண்டூர், விவசாய இடுபொருள் விற்பனை. ஜூலையில் சேர வேண்டும். மிளகாய்க்கு அந்த ஊர் மார்க்கெட் யார்டு எவ்வளவு பெரியது என்று செல்வி போனில் கத்துகிறாள்.

அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தடைக்காலத்தில் அவர் முகத்தில் இப்படிச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. அம்மா கேட்டது: "நீ விக்கப் போறது அந்தப் பாட்டிலயும் சேத்தா?"

ஆமாம் என்றேன். பட்டியலில் அதுவும் இருக்கிறது.

ஜூன் 7

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் பாசி வளர்க்கும் பெண்கள் கூடினார்கள். கம்பெனி வைக்கலாமா என்று தொடங்கிப் பேச்சு எங்கெங்கோ போனது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் சட்டப்படி உற்பத்தியாளர் கம்பெனி பதியலாம், எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று சொன்னபோது ஒரு அக்கா, "ஒத்த ஓட்டா? அப்ப நல்லது" என்றார். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கான மத்திய அரசின் 2020 திட்டத்தில் உதவி வாங்க வேண்டுமானால் சமவெளியில் 300 பேர் வேண்டும் என்றதும் அமைதியாகிவிட்டார்கள். அவ்வளவு பேரைச் சேர்ப்பதற்குள் எத்தனை அறுவடை போய்விடும்!

அப்புறம் அத்தைதான் சொன்னார். கம்பெனி பிறகு இருக்கட்டும், முதலில் தரையிலிருந்து உயரமாக ஒரு பரண், மேலே தகரம், ஒரு ஈரமானி. அறுத்ததை எல்லோரும் அங்கே காயப்போட்டு அங்கேயே வைப்பது. மழைக்கும் பயமில்லை, ஏஜெண்ட் வராவிட்டாலும் பயமில்லை. அதுவரை ஆளுக்குக் கொஞ்சம் பணத்துக்குக் குழுவிலிருந்து உள்கடன். ஒரு அறுவடைக்கு மட்டும் பார்ப்போம் என்றார்.

என் ஆய்வறிக்கையின் பரிந்துரைகள் அத்தியாயம் இன்னும் காலியாக இருந்தது. இதை அப்படியே எழுதிவிட்டேன், அவர் சொன்ன வரிசையிலேயே.

ஜூன் 8

அப்பா தகரத்துக்கு விலை கேட்க உச்சிப்புளி போனார். மூங்கில் பழைய மிதவையிலிருந்தே எடுக்கலாமாம்.

ஜூன் 10

கைடு போன் செய்தார். ஒன்பதாவது காரணத்தை ஏன் நடுவில் சேர்த்தாய், கேள்விப் பட்டியலான ஷெட்யூலை மாற்றலாமா என்று கேட்டார். மறுபடி எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அதை முறையியலில் விளக்கமா எழுது" என்றார். இன்று முழுக்க அதைத்தான் எழுதினேன். நாலு பக்கம் வந்திருக்கிறது.

ஜூன் 11

இன்று இரவு கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை ரிவியூ. விலைப் பங்கு அட்டவணை இன்னும் முடியவில்லை, பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். பரணுக்கு ஆறு கால் நட்டாகிவிட்டது. அடுத்த அறுவடை மூட்டைகளின் எடையையும், ஏஜெண்ட் சொன்ன தேதியையும், வந்த தேதியையும் தனித்தனியாக எழுதி வைக்கச் சொல்லித் தம்பியிடம் நோட்டு கொடுத்திருக்கிறேன்.