அம்மாவின் கன்னத்தில் சாய்ந்த கோடுகள்

3 ஆகஸ்ட், சனி. சுங்கை சிப்புட், மலேசியா

அக்கா மகன் அம்மாவைப் பென்சிலில் வரைந்து கொண்டுவந்தான். ஐந்தாம் படிவம் படிக்கிறான், கையில் இருப்பது ஒரு 2பி பென்சில், ஒரு 6பி பென்சில், அவ்வளவுதான். "நான் இப்படியாடா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு கண் மற்றதைவிடப் பெரியது, கழுத்துக்கு இரண்டே கோடு, நெற்றியில் எப்படி அழுத்தியிருக்கிறான் என்றால் தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. எனக்கு மட்டும் பார்வையை எடுக்க முடியவில்லை. விடியாத இருட்டில் பெரட்டுக்கு, தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பும்போது அம்மாவுக்கு யாரோடும் பேசாத ஒரு முகம் இருக்கும், எந்தப் போட்டோவிலும் அது கிடையாது. இவன் பிறப்பதற்கு முன்பே அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலையை விட்டுவிட்டார். எங்கே பார்த்தான் அந்த முகத்தை?

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் தன்னையே கரியால் வரைந்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முகமும் விரல்களும் பொறுமையாக வந்திருக்கின்றன, ஆனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையே இல்லை, மேலும் கீழுமாக இழுத்த முரட்டுக் கோடுதான், வரைகிறவரின் வேகமெல்லாம் அதில்தான் இருக்கிறது. எக்ஸ்பிரஷனிசம் என்பது எனக்கு இப்படித்தான் புரிகிறது, அளவு பிசகினாலும் சரி, உள்ளே இருப்பது கோட்டில் ஏறிவிட வேண்டும். அம்மாவின் கழுத்தை இரண்டு கோட்டில் விட்டதற்கும் இப்போது காரணம் தெரிகிறது, முகத்தை விட்டுப் பையனின் கண் கீழே இறங்கவே இல்லை.

7 ஆகஸ்ட், புதன்

இன்றுதான் கவனித்தேன். பையன் வலக்கைக்காரன், அவன் போடும் நிழல்கோடெல்லாம் வலப்பக்கம் மேலே ஏறும். கன்னத்தில் மட்டும் அப்படியே எதிர்த்திசை, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பால்மரத்தில், அதுதான் ரப்பர் மரத்தில், வெட்டு விழுவதும் இந்தச் சாய்வில்தான், பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். போன் செய்து கேட்டேன். "தாளைத் திருப்பி வச்சுப் போட்டேன் மாமா, பாட்டி சொல்லிக் கொடுத்ததுதானே" என்றான். அப்புறம் வெகுநேரம் நான் எதுவும் பேசவில்லை.

10 ஆகஸ்ட், சனி

அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார், கன்னத்துக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். தாடைக்கு மேலே, 6பி அழுத்தித் தாள் லேசாகக் கிழிந்த இடத்தில் விரல் நின்றது.

"சாய்வு சரியா இருக்கு. இங்க மட்டும் ஆழமா எறக்கிட்டான், மரத்துக்குக் காயம். வரட்டும், சொல்றேன்."