ரக்சௌலுக்கு முன்பே கோடாரி: பிஎஸ்ஐஆர் இரண்டாம் தாளில் நான் சறுக்கிய இடம்

போன வாரம் சிவில் சர்வீசஸ் தேர்வின் இறுதிப் பட்டியல் வந்தது. இது நாலாவது அட்டெம்ப்ட். என் பெயர் கீழே எங்கோ இருக்கிறது, இருக்கிறதே அதுவே போதும். இந்த வருட மதிப்பெண் இன்னும் வெளியாகவில்லை. அதனால் இப்படி எழுதினேன், இத்தனை வாங்கினேன் என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை. போன முறை இன்டர்வியூ வரை போய்த் திரும்பியபோது ஆப்ஷனல் பாடமான பிஎஸ்ஐஆரில் (அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள்) இரண்டு தாளும் சேர்த்து 231. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கவிழ்த்தது இரண்டாம் தாளின் அண்டை நாடுகள் பகுதி. அதிலும் 'இன்ன ஆட்சியாளர் ஏன் அப்படி நடந்துகொண்டார்' என்று நோக்கம் கேட்கும் வகை.

மூன்றாவது அட்டெம்ப்டுக்கு முன் ஒரு டெஸ்ட் சீரிஸில் 15 மார்க் கேள்வி: 1960களில் இந்தியாவுடன் உறவு கசந்தபோது நேபாள மன்னர் மகேந்திராவின் நோக்கங்கள் என்ன? பார்த்ததும் சந்தோஷம், தெரிந்த கேள்வி. இந்தியா வழியை அடைத்தது, மன்னர் சீனா பக்கம் சாய்ந்தார், காத்மாண்டுவிலிருந்து சீன எல்லையில் இருக்கும் கோடாரி என்ற ஊருக்குச் சாலை வந்தது என்று பக்கத்தை நிரப்பினேன். கிடைத்தது 4 மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: "எது முதலில்?" கட்டிய பணத்துக்கு இரண்டு வார்த்தைதானா என்று அன்று எரிச்சலாக இருந்தது.

மெயின்ஸ் முடிந்து, தோற்று, அந்த விடைத்தாளை மறுபடி எடுத்தபோதுதான் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

1960 டிசம்பர் 15: பிரதமர் பி.பி. கொய்ராலாவின் நேபாளி காங்கிரஸ் அரசை மன்னர் கலைக்கிறார், பிரதமரே சிறையில்
1961 அக்டோபர் 5: சீனாவுடன் எல்லை ஒப்பந்தம்
1961 அக்டோபர் 15: காத்மாண்டு–கோடாரி சாலைக்கு உடன்பாடு
1962 ஜனவரி: ஜனக்பூரில் மன்னரின் கார் மீது குண்டு
1962 செப்டம்பர்: இந்திய எல்லை ஊரான ரக்சௌலில் நேபாளம் போகும் சரக்கு நிற்கிறது, யாரும் அறிவிக்காத முற்றுகை
1962 அக்டோபர் 20: இந்திய–சீனப் போர்

சாலைக்குக் கையெழுத்துப் போட்டு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் ரக்சௌல். பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்கி எழுதியிருக்கிறேன்! அன்றே நோட்ஸில் மரம் வெட்டும் கோடாரி ஒன்றை வரைந்து, அதற்குக் கீழே பூட்டிய கேட் ஒன்றையும் வரைந்தேன். அதற்கப்புறம் வரிசை மறக்கவே இல்லை.

சரி, அடைப்பு வருவதற்கு முன்பே அவர் ஏன் போனார்? இங்கேதான் என் ஒரே சூத்திரம். மன்னர் வெளியே யாரிடம் என்ன கேட்டார் என்பது இரண்டாவது பத்தி. வீட்டுக்குள் யாருக்குப் பயந்தார் என்பது முதல் பத்தி.

மகேந்திராவின் வீட்டைப் பாருங்கள். 1950 நவம்பரில் அவர் அப்பா திரிபுவன் குடும்பத்தோடு காத்மாண்டு இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். இளவரசர் மகேந்திராவும் உடன் இருந்தார். பின்தங்கிவிட்டது மகேந்திராவின் இரண்டாவது மகன், மூன்று வயது ஞானேந்திரா. பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்கள் அந்தக் குழந்தையைத் தூக்கி அரியணையில் உட்கார வைத்தார்கள். டெல்லி தலையிட்டு, 1951 பிப்ரவரியில் திரிபுவன் மறுபடி மன்னராகத் திரும்பினார். டெல்லி நினைத்தால் ஒரு முடி பிழைக்கும் என்பதை மகேந்திரா முப்பது வயதில் கண்ணால் பார்த்திருக்கிறார். பிழைக்க வைக்க முடிந்தவர்களால் கவிழ்க்கவும் முடியும் என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே விடையில் எழுதுங்கள், தப்பில்லை.

அடுத்து 1959 தேர்தல். நேபாளி காங்கிரஸுக்கு 109இல் 74 இடங்கள். அப்படிப்பட்ட அரசைக் கலைத்தவருக்கு வாக்கைவிடப் பெரிய நியாயம் ஒன்று தேவை. தேசத்தைக் காப்பவன் நானே என்பதுதான் அந்த நியாயம். நேரு இதை ஜனநாயகத்துக்குப் பின்னடைவு என்று வருந்திப் பேசினார். தப்பிய நேபாளி காங்கிரஸ்காரர்கள் சுவர்ண ஷம்ஷேர் தலைமையில் இந்திய மண்ணிலிருந்து தாக்குதல் நடத்தினார்கள். அதாவது மன்னரின் உள்ளூர் எதிர்க்கட்சி உட்கார்ந்திருந்ததே அண்டை நாட்டில். உறவு கசக்காமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. சீனாவோடு பேசியதே மகேந்திராவின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். தூதரக உறவு 1955லேயே வந்துவிட்டது. கொய்ராலாவே 1960 மார்ச்சில் பீஜிங் போய் எல்லை பற்றி உடன்பாடு செய்தவர். மன்னர் புதிதாகச் சேர்த்தது சாலை. கம்யூனிசம் டாக்சியில் ஏறி வராது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த வரியை வைத்து விடையைத் தொடங்கலாம், எடுபடும்.

போர் வந்ததும் சுவர்ண ஷம்ஷேர் தாக்குதலை நிறுத்தினார். பயம் குறைந்தது, டெல்லியோடு பேச்சும் இளகியது. 1963இல் அப்போதைய இந்திய உள்துறை அமைச்சர் சாஸ்திரி காத்மாண்டு போனார், 1965இல் இந்தியாவோடு ரகசிய ஆயுத உடன்பாடு. ஆனால் 1969இல் அதே அரசு வடக்கு எல்லையிலிருந்த இந்தியக் கண்காணிப்புச் சாவடிகளை எடுக்கச் சொன்னது. 'சீன ஆதரவாளர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மனிதர் அடங்கமாட்டார்.

மகேந்திராவுக்குப் பின் வந்த மகன் பிரேந்திராவுக்கு இதே வரிசையைப் போட்டால், மகேந்திராவுக்கு முதலில் வந்த வீட்டு மாற்றம் கடைசியில் வரும். சீன ஆயுதம் முதலில் (1988), முற்றுகை அப்புறம் (1989 மார்ச்), 1990 ஏப்ரலில் கட்சித் தடை நீங்கியது. இரண்டு முற்றுகையையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:
- வீடியோ பார்க்கவில்லை. எனக்குத் தூக்கம் வரும்.
- குழுவாகப் படிப்பதும் ஒத்துவரவில்லை. பேசத் தெரிந்தவர்கள் செய்யலாம்.
- ஒரு நாட்டுக்கு ஒரே தாள், அதில் தேதிகள் மட்டும். கருத்து தானாக வரும்.
- அறிஞர் பெயர்களைக் குவிக்காதீர்கள். இதை ஏற்காதவர்கள் உண்டு, அவர்கள் மார்க் அதிகமாகவும் இருக்கலாம்.

மகேந்திரா கேள்வி மெயின்ஸில் வரவில்லை. ஆனால் அண்டை நாட்டுக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் முன் ரஃப் பக்கத்தில் தேதிக்கோடு போட்டேன், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். அதனால் கடைசி 10 மார்க் கேள்வி பாதியில் நின்றது. லாபமா நஷ்டமா என்று மதிப்பெண் வந்ததும் 231ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.