12 கம்பி நட்: மூன்றாவது எலும்பில் சரியாக வந்தது

நான் செய்துவரும் இரட்டை நெக் (கழுத்து) கிட்டாரின் மேல் நெக்கில் நேற்று ராத்திரி ஜி கார்டு பிடித்தேன். பன்னிரண்டு கம்பியும் சுத்தமாகப் பேசின. இந்த ஒரு சத்தத்துக்காக, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் ‘நட்’ என்ற துண்டைச் செய்ய, ஐந்து வாரம் எலும்பை ராவியிருக்கிறேன்.

மேலே 12 கம்பி, கீழே 6. கிப்சன் கம்பெனியின் இடிஎஸ்-1275 இரட்டை நெக் கிட்டாரின் அமைப்புதான். மர வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. வம்பு முழுக்க இந்த நட்டில்தான். 43 மி.மீ. அகலத்துக்குள் ஆறு ஜோடி. முதல் நட்டில் கம்பிகளை நடுவுக்கு நடு அளந்து குறித்தேன். தடித்த ஜோடிகள் உரசிக்கொண்டன. விளிம்புக்கு விளிம்புதான் அளக்க வேண்டும். இரண்டாவதில் ஆழம் கெட்டது. கீழ் ஈ ஜோடியில் ஒன்று 046 (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு), அதன் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி, 026. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே அடிமட்டம் வைத்ததில், விரல் தடித்த கம்பியில் முட்டி நின்றது. மெல்லியது ஃப்ரெட்டில் (நெக்கில் பதித்த உலோகப் பட்டியில்) அழுந்தாமல் கொரகொரத்தது. மூன்றாவதில் ஆக்டேவ் கம்பிகளை மட்டும் மயிரிழை உயர்த்தினேன். தீர்ந்தது!

ஜி ஜோடியின் ஆக்டேவ் 008. அதற்கு என்னிடம் இருந்த எந்த அரமும் நுழையவில்லை. பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டில்) 0.25 மி.மீ. தகட்டை எடுத்து, ஓரத்தில் பல் வெட்டி, ரம்பமாக்கினேன். பள்ளத்தில் பென்சில் கரி தடவியதும் டியூன் செய்யும்போது வந்த ‘டிக்’ சத்தமும் போயிற்று.

எலும்பு என்று சொல்லி ஆன்லைனில் ஒரு கடை அனுப்பியது பிளாஸ்டிக். ராவினால் முடி கருகும் வாடை வர வேண்டும், வரவே இல்லை. காசு திரும்பவில்லை.

லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் இந்த இரட்டை நெக்கை எடுத்தது, ஒரே பாட்டுக்குள் 12 கம்பியும் 6 கம்பியும் மேடையில் தேவைப்பட்டதால். எனக்கு ஆசை மூட்டியவர் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாலின். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற தன் குழுவில் 12 கம்பியில் அவர் மீட்டும் ஆர்பெஜியோக்களை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. பிறகு சக்தி குழுவில் அவரோடு வாசித்த எல். சங்கர், டபுள் பேஸ் முதல் வயலின் வரை எட்டும் 10 தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். அடுத்து அதுபோல் ஒன்றுக்கு மரம் தேட வேண்டும்.

அதற்கு முன் நெக் மாற்றும் சுவிட்ச் பாக்கி. இப்போது கீழே வாசித்தால் மேல் கம்பிகள் தாமாக அதிர்ந்து ஆம்பில் கலக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சால்டரிங்.