சிட்னி பட்டத்துக்கு லண்டன் ஒப்புதல்: ஒரு சாசனத்தைத் தேடிப் படித்த அனுபவம்

ஊரில் வாங்கிய வரலாறு எம்.ஏ. பட்டத்தோடு நான் சிட்னிக்கு வந்தபோது, அது இங்கே எதற்குச் சமம் என்று ஓர் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு தாளின் பாடத்திட்டம், சீல் வைத்த உறையில் ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் கேட்டார்கள். எனக்காக அண்ணன் ஊரில் நான்கு தடவை அலைந்தார். பதில் வர ஐந்து மாதம் ஆனது. படித்த படிப்பு என் கையில்தான் இருந்தது. ஆனாலும் அதற்கு வேறொருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

அந்த மாதங்களில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். 1850ல், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட பிரிட்டிஷ் காலனியான நியூ சவுத் வேல்ஸின் சட்டமன்றம் சட்டம் போட்டு அதை உருவாக்கியது. 1852 அக்டோபரில் 24 மாணவர்களோடும் மூன்று பேராசிரியர்களோடும் தொடங்கியது. காலனிச் சட்டத்தின் பலம் அந்தக் காலனியோடு சரி. அங்கே வாங்கிய பட்டத்தை இங்கிலாந்தில் யாரும் பட்டமாக மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு பிரிட்டிஷ் அரசியின் சாசனம் (ராயல் சார்ட்டர்) தேவைப்பட்டது, 1858 பிப்ரவரி 27ல்தான் அது கிடைத்தது. ஆய்வுப் படிப்பில் சேர்ந்ததும் வேறு தலைப்பை யோசிக்கவே இல்லை. காலனிப் பல்கலைக்கழகங்கள் லண்டனிடம் எப்படிக் கேட்டன, லண்டன் எப்படிப் பதில் சொன்னது என்பதையே எடுத்துக்கொண்டேன்.

இதே போன்ற வேலையில் இறங்குபவர்களுக்காக, தேடிய வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலனிகளைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான காலனி அலுவலகத்தின் (கலோனியல் ஆஃபீஸ், சுருக்கமாக சி.ஓ.) கோப்புகளில் ஆஸ்திரேலியா தொடர்பானவற்றை 1948 முதல் பல பத்தாண்டுகள் மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்தார்கள். இப்போது அவை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நியூ சவுத் வேல்ஸுக்கு வந்துபோன கடிதங்கள் சி.ஓ. 201 என்ற வரிசையில் உள்ளன. விக்டோரியாவுக்கு சி.ஓ. 309, தென் ஆஸ்திரேலியாவுக்கு சி.ஓ. 13. எல்லாம் கையெழுத்து என்பதால் சொல்லைத் தட்டித் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

நான் முதலில் செய்த தவறு, 1858ஆம் ஆண்டுத் தொகுதியில் தொடங்கியது. சாசனத்தின் தேதி அதுதானே என்று நினைத்தேன். ஆனால் கோப்பு, கடிதம் எழுதப்பட்ட தேதிப்படி போகிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேரவே கப்பலில் இரண்டு மூன்று மாதம். பிறகு பரிசீலனை, பிறகு பதில். அதனால் பின்னோக்கிப் போக வேண்டும். அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. ஆளுநர் அனுப்பியவை ஒரு தொகுதியில் இருக்கும். மற்ற அரசுத் துறைகளும் தனிநபர்களும் எழுதியவை வேறு தொகுதிகளில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் நிக்கல்சன் அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில்தான் இருந்தார். அங்கே இருப்பவர் ஆளுநர் வழியாக எழுதத் தேவையில்லை. இது உறைப்பதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

கையெழுத்து பழகப் பத்து நாள் போதும். முக்கியமானது கடிதத்தைவிட அதன் மடிப்பிலும் ஓரத்திலும் எழுதியிருக்கும் குறிப்புகள். முதலில் கீழ்நிலை எழுத்தர், பிறகு மேலே உள்ளவர், கடைசியில் அமைச்சர் என்று வரிசையாகக் குறிப்பு ஏறும். அன்று காலனி அலுவலகத்தின் நிரந்தரச் செயலராக இருந்தவர் ஹெர்மன் மெரிவேல். அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் படிப்பவர்களுக்கு முடிவு மட்டும்தான் தெரியும், அது எப்படி உருவானது என்பது தெரியாது.

சாசனம் வந்த வாரமே லண்டனில் ஆட்சி மாறியிருந்தது. பிரதமர் பாமர்ஸ்டனின் அரசு 1858 பிப்ரவரி 19ல் நாடாளுமன்றத்தில் தோற்றது. அதன் பிறகு டெர்பி பிரபு பிரதமரானார். இந்தக் களேபரத்துக்கு நடுவிலும் கடல்கடந்த ஒரு சிறு பல்கலைக்கழகத்தின் காகிதம் நகர்ந்து முடிந்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

சாசனத்தின் வாசகம் பெரிது. சிட்னியின் கலை, சட்டம், மருத்துவப் பட்டங்களுக்கு, ஐக்கிய ராஜ்ஜியத்தின் எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் உள்ள மதிப்பும் முன்னுரிமையும் பேரரசு முழுவதும் உண்டு என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை. காலனிச் சட்டமன்றம் பல்கலைக்கழக அமைப்பை எப்படி மாற்றினாலும் சரி, பட்டத்துக்கு வேண்டிய அறிவுத்தரம் அதே அளவில் இருக்கும் வரைதான் இந்த மதிப்பு. இந்த நிபந்தனையைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நியாயமாகவே பட்டது. தரத்தைக் கேட்பது ஒன்று, ஆளைக் கேட்பது வேறு. இத்தனைக்கும் சிட்னியில் மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1883ல்தான். சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத படிப்பின் பட்டத்துக்கு 1858லேயே மதிப்பு கொடுத்துவிட்டார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்கு இதே போன்ற சாசனம் அடுத்த ஆண்டு, 1859ல் கிடைத்தது.

என்னை அதிக நாள் பிடித்து வைத்தது தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு. 1874ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் கொடுக்க விரும்பியது, லண்டன் உடனே ஒப்பவில்லை. 1880ல் காலனிச் சட்டம் வழிவிட்டது, 1881ல் அரச ஆணை வந்தது. 1885ல் எடித் டார்ன்வெல் அங்கே அறிவியல் பட்டம் வாங்கினார். சி.ஓ. 13 தொகுதிகளை இரவு இரண்டு மணி வரை புரட்டிக்கொண்டிருந்தபோது, என் பாட்டியை எட்டாவதோடு நிறுத்தியது ஞாபகம் வந்தது.

முதலில் ராணுவப் பயிற்சி இடங்களையும் சேர்த்தே எழுத நினைத்தேன். பட்டத்தைப் போலவே அதிகாரிப் பதவிக்கும் லண்டனின் ஒப்புதல்தான் நுழைவாயில். கனடாவின் கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரி 1876ல் 18 மாணவர்களோடு தொடங்கியது. 1880 முதல் ஆண்டுக்கு நான்கு பேருக்கு பிரிட்டிஷ் படையில் அதிகாரிப் பதவி கிடைத்தது. இந்தியர்களுக்கு இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் கதவு திறந்தது 1918 வாக்கில்தான், அதுவும் ஆண்டுக்குப் பத்து இடம். ஆனால் கனடாக் கோப்புகள் சி.ஓ. 42 என்ற வேறு வரிசை, ராணுவக் கோப்புகள் இன்னொரு கடல். என் நெறியாளர் "ஒன்றை எடுங்கள், அதை முழுசாகச் செய்யுங்கள்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதுதான் நான் ஆய்வை முடிக்கக் காரணம்.

ஒருமுறை கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்பவும் எடுக்கலாம் என்பதையும் இந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். இந்திய மருத்துவப் பட்டங்களை ஏற்பதை பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 1930ல் நிறுத்தியது. 1933ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது அதன் பிறகுதான்.

நான் எதிர்பார்க்காமல் நம்மூர் ஒன்று இடையில் வந்தது. சிட்னி சாசனம் கிடைத்தபோது நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்தவர் வில்லியம் டெனிசன். 1861ல் அவர் நேராகச் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது பிறந்து நான்கு வயதுகூட ஆகவில்லை, 1857 செப்டம்பர் 5ல்தான் அதற்கான சட்டம் வந்திருந்தது. ஒரு காலனியின் பட்டத்துக்கு லண்டனில் மதிப்பு கிடைத்ததைப் பார்த்தவர், இன்னொரு காலனியின் பட்டத்தைப் பற்றி என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். டிசம்பரில் ஊருக்கு வரும்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1861 முதலான கல்வித்துறைக் கோப்புகளைப் பார்க்கப் போகிறேன். ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பத்தைப் போன வாரம் அனுப்பிவிட்டேன்.