டி.எச்.க்யூ. வீழ்ந்த கதை: விற்காத 14 லட்சம் பலகைகளும் ஓர் ஏலமும்

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஸ்மாக்டவுன் மல்யுத்த கேம்களை விளையாடியவர்களுக்கு டி.எச்.க்யூ. என்ற முத்திரை நினைவிருக்கும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அந்த வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனம் 2012 டிசம்பர் 19 அன்று திவால் பாதுகாப்பு கோரி டெலவேர் நீதிமன்றத்தை அணுகியது. அடுத்த மாதமே அது துண்டு துண்டாக விற்கப்பட்டது. விளையாட்டுகள் மோசமாக இருந்ததால்தான் நிறுவனம் அழிந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் எப்போது வெளியே போகிறது, எப்போது திரும்பி வருகிறது என்ற கணக்கில்தான் அந்த நிறுவனம் தோற்றது. அந்தத் தோல்விக்கான விலையை, நல்ல விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் கொடுக்க நேர்ந்தது.

பொம்மை வியாபாரத்திலிருந்து வந்த ஜாக் ஃப்ரீட்மன் தொடங்கிய நிறுவனம் இது. பிக்ஸார் படங்கள், ஸ்பாஞ்ச்பாப் போன்ற குழந்தைகள் தொடர்கள், மல்யுத்தம் என்று பிறருக்குச் சொந்தமான புகழை உரிமம் வாங்கி விளையாட்டாக மாற்றுவதுதான் அதன் முதன்மைத் தொழில். படம் திரைக்கு வரும் நாளில் விளையாட்டும் கடைக்கு வந்துவிட்டால், தரம் சுமாராக இருந்தாலும் பெற்றோர் வாங்கிவிடுவார்கள். இந்த வழியில் 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில், 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், நிறுவனம் 43.1 கோடி டாலர் நட்டம் காட்டியது. புதிய தலைமுறைக் கன்சோல்களுக்கு (பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கு) விளையாட்டு உருவாக்கும் செலவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. 2008 நெருக்கடியில் கடைகள் சரக்கெடுப்பதைக் குறைத்தன. சிறிது காலத்தில் குழந்தைகளின் கவனமும் கைப்பேசிப் பக்கம் திரும்பியது.

இதற்கிடையில் நிறுவனம் செய்திருந்த நல்ல காரியம், சொந்தமாகப் படைக்கும் ஸ்டுடியோக்களை வாங்கியிருந்தது. செயின்ட்ஸ் ரோவைச் செய்த வொலிஷன், கம்பெனி ஆஃப் ஹீரோஸைச் செய்த ரெலிக், டார்க்சைடர்ஸைச் செய்த விஜில் ஆகிய மூன்றும் உரிமக் கட்டணம் எதுவும் செலுத்தாமல் சொந்தப் பெயரில் சம்பாதிக்கக்கூடியவை. 2011 இறுதியில் வந்த மூன்றாவது செயின்ட்ஸ் ரோ 40 லட்சம் பிரதிகளைக் கடந்தது. நிறுவனம் இந்தப் பாதையிலேயே பொறுமையாக நடந்திருந்தால் தப்பியிருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆனால் அதே பருவத்தில்தான் யூடிராவால் சிக்கல் வந்தது. குழந்தைகள் தொலைக்காட்சித் திரையில் படம் வரைவதற்கான பலகை அது. 2010இல் நின்டெண்டோ வீ கருவிக்கு மட்டும் வெளியாகி நன்றாக விற்றது. அந்த வெற்றியை நம்பி மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கும் தயாரித்தார்கள். அந்தக் கருவிகளை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் படம் வரையும் வயதைக் கடந்தவர்கள். கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்தபோது 14 லட்சம் பலகைகள் தேங்கிக் கிடந்தன. எதிர்பார்த்த வருவாயில் சுமார் 10 கோடி டாலர் குறைந்தது.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த வீழ்ச்சியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. குறுந்தகடு விற்கவில்லையென்றால் அச்சடிப்பதை நிறுத்திவிடலாம். பலகை அப்படியல்ல: தொழிற்சாலைக்குப் பல மாதங்கள் முன்பே ஆர்டர் கொடுத்து, பணம் கட்டி, கப்பலில் ஏற்றி, கிடங்கில் வைத்தாக வேண்டும்; விற்காதபோது விலையைக் குறைத்தால் அந்த இழப்பில் ஒரு பங்கைக் கடைக்காரர்களுக்கும் ஈடுகட்ட வேண்டும். விளையாட்டு வெளியீட்டில் ஏற்கெனவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த பிறகுதான் முதல் டாலர் திரும்பி வரும். அப்படியிருக்க, அடுத்தடுத்த விளையாட்டுகளுக்கென்று வைத்திருந்த விதைநெல்லை எடுத்துப் பலகை வாங்கியது மன்னிக்க முடியாத முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பங்கு விலை 1 டாலருக்குக் கீழே இருந்ததால் 2012 ஜனவரியில் நாஸ்டாக் பங்குச் சந்தை எச்சரித்தது. 240 பேர் வேலையிழந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி பிரையன் ஃபாரல் ஓராண்டுக்குத் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். குழந்தைகளுக்கான உரிம விளையாட்டுகள் கைவிடப்பட்டன. யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் உரிமம் போட்டி நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போனது. ஜூலையில் பத்துப் பங்குகளை ஒன்றாக்கி விலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நாட்டி டாக் என்ற கேம் ஸ்டுடியோவின் நிறுவனர்களில் ஒருவரான ஜேசன் ரூபின் தலைவராக வந்து, அரைகுறையாக வெளியிடுவதைவிடத் தாமதமாக வெளியிடுவதே மேல் என்று சில விளையாட்டுகளைத் தள்ளிவைத்தார். படைப்பு நோக்கில் அவர் செய்தது சரி. ஆனால் கடனில் இருக்கும் நிறுவனத்துக்குத் தாமதம் என்பது வட்டி. நவம்பரில் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக் கடனின் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் போயிற்று.

திவால் மனுவோடு ஒரு திட்டமும் தயாராக இருந்தது. கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 6 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளும். ஸ்டுடியோக்கள் கலையாமல் தொடரும். கடன்கொடுத்தோர் இதை எதிர்த்தார்கள். இவ்வளவு அவசரம் கூடாது, தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அவகாசம் தந்தது, பகுதி ஏலமும் அனுமதிக்கப்பட்டது. 2013 ஜனவரி ஏலத்தில் ரெலிக்கை 2.66 கோடி டாலருக்கு ஜப்பானிய கேம் நிறுவனமான சேகா எடுத்தது. வொலிஷனை 2.23 கோடிக்கு ஜெர்மன் பின்னணி கொண்ட கோக் மீடியா வாங்கியது. மெட்ரோ என்ற விளையாட்டுத் தொடரின் உரிமையும் அதற்கே போனது. டி.எச்.க்யூ.வின் மாண்ட்ரியல் ஸ்டுடியோவையும் சவுத் பார்க் விளையாட்டையும் யூபிசாஃப்ட் என்ற வெளியீட்டு நிறுவனம் பெற்றது. எவால்வ் என்ற விளையாட்டு, டேக்-டூ என்ற இன்னொரு வெளியீட்டு நிறுவனத்துக்குச் சென்றது. எல்லாம் சேர்த்துச் சுமார் 7.2 கோடி டாலர். கடன்கொடுத்தோரின் கணக்கு சரியாகவே இருந்தது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

விஜில் ஸ்டுடியோவுக்கு மட்டும் ஒருவரும் விலை கேட்கவில்லை. ஆஸ்டினில் இருந்த அந்தக் குழு கலைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் படைத்த டார்க்சைடர்ஸ் என்ற பெயருக்கு ஏப்ரலில் ஆள் கிடைத்தது: ஐரோப்பாவின் நோர்டிக் கேம்ஸ் அதையும் மிச்சமிருந்த வேறு பெயர்களையும் சேர்த்து 49 லட்சம் டாலருக்கு வாங்கியது. கதை இங்கே முடியவில்லை. விஜிலில் இருந்தவர்கள் சிலர் பின்னாளில் கன்ஃபயர் கேம்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, 2018இல் அதே நோர்டிக்குக்காக மூன்றாவது டார்க்சைடர்ஸை உருவாக்கினார்கள். 2019இல் அந்த ஸ்டுடியோவையே நோர்டிக்கின் தாய் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2013இல் யாரும் கேட்காத திறமைக்கு ஆறு ஆண்டுகள் கழித்து விலை கிடைத்தது; ஏலத்துக்கு ஒதுக்கப்பட்ட சில வாரங்களில் ஒரு குழுவின் மதிப்பை எவராலும் கணித்திருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நோர்டிக் கேம்ஸ் டி.எச்.க்யூ. என்ற பெயரையும் 2014இல் வாங்கி, 2016 முதல் டி.எச்.க்யூ. நோர்டிக் ஆனது. 2018இல் அது கோக் மீடியாவை வாங்கியபோது வொலிஷன் மறுபடியும் பழைய பெயரின் கூரைக்குக் கீழ் வந்தது. தாய் நிறுவனம் எம்ப்ரேசர் என்று பெயர் மாற்றி, லார்ஸ் விங்கஃபோர்ஸ் தலைமையில் ஸ்டுடியோக்களைக் கடன் வாங்கியும் பங்கு வெளியிட்டும் வாங்கிக் குவித்தது. 2023 மே மாதம் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகாமல் கலைந்தது. பங்கு ஒரே நாளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஜூனில் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு வந்த புதிய செயின்ட்ஸ் ரோ சரியாகப் போகாத நிலையில், ஆகஸ்ட் 31 அன்று வொலிஷன் உடனடியாக மூடப்பட்டது. திவால் ஏலத்தில் 2.23 கோடி டாலர் மதிப்புப் பெற்ற குழு, திவாலாகாத ஒரு நிறுவனத்துக்குள் இருந்தும் பிழைக்கவில்லை. செயின்ட்ஸ் ரோ என்ற பெயர் மட்டும் எம்ப்ரேசரிடமே தங்கியது. ரெலிக், 2024இல் சேகாவிடமிருந்து பிரிந்து தனி நிறுவனமானது.